வேனில் முடியும் வேளையில்

மெக்சிகோ வளைகுடாவை ஒட்டி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ராக்போர்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மீன்பிடிப் படகுத்துறை, கடற்காற்று ஓயாமல் தள்ளியதால் ஒரு பக்கமாகவே சாய்ந்து வளர்ந்த ஓக் மரங்கள், முன்னும் பின்னும் சிறிது மண் விட்டுக் கட்டிய வீடுகள் ஆகியவையே அவ்வூரின் தோற்றம். ஆகஸ்டு மாதத்தின் இறுதியிலும் அங்கே வெயில் தணிவதில்லை. தமிழ்நாட்டில் ஆவணி பிறந்து மாலை மழையை எதிர்நோக்கும் அந்நாள்களில், அங்குள்ள புல்தரைகள் பழுத்துக் கிடக்கும். இளவேனிலில் விதைத்த பூஞ்செடிகள் முற்றிக் காய்ந்திருக்கும். மண்வெட்டியையும் பூவாளியையும் ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குள் ஒதுங்கிக்கொள்ளத் தோன்றும் பருவம் அது. ராக்போர்ட்டின் தோட்டக்காரர்களோ அப்போதுதான் கொல்லைப்புறத்தில் மிகுதியாக நடமாடுகிறார்கள். ஆண்டின் பெரிய விருந்து வரும் காலம் அதுவே.

வருகின்ற விருந்தினரின் எடை ஏறத்தாழ 3 கிராம். ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடவும் குறைவு. ஹம்மிங் பேர்டு என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் அப்பறவைக்குத் தமிழில் ஓசனிச்சிட்டு என்னும் பெயர் வழங்குகிறது. அதன் சிறகடிப்பில் எழும் ரீங்காரமே ஆங்கிலத்தில் பெயராயிற்று. இக்குடும்பத்தில் 330க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் செம்பருத்தியையும் வாழைப்பூவையும் நாடி வரும் தேன்சிட்டைக் கண்டு, இதுவே ஓசனிச்சிட்டு என்று கருதுவோர் பலர். வளைந்த அலகும் மின்னும் நிறமும் தேன் குடிக்கும் வழக்கமும் அந்த மயக்கத்தைத் தருகின்றன. ஆனால், இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. தேன்சிட்டு பெரும்பாலும் காம்பிலோ கிளையிலோ அமர்ந்தபடியே மலருக்குள் அலகை விடும்; சில நொடிகள் மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஓசனிச்சிட்டுக்கோ அந்தரமே அமரும் இடம். தொடர்பற்ற இரு குலங்கள், மலர்களோடு கொண்ட உறவினால் உலகின் இரு பக்கங்களில் ஒத்த உருவத்தைப் பெற்றிருக்கின்றன.

வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு கட்டி வாழும் ஓசனிச்சிட்டு இனம் ஒன்றே ஒன்றுதான். அது மாணிக்கத்தொண்டை ஓசனிச்சிட்டு. ஆண் பறவையின் கழுத்து சிவந்து ஒளிர்வதால் வந்த பெயர் இது. பெயரிட்டவர் பறவையைச் சரியான கோணத்தில் பார்த்திருக்க வேண்டும்! அந்தச் சிவப்பு, சாயத்தால் அமைந்த நிறமன்று. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது. பறவை தலையைச் சற்றே திருப்பினால் மாணிக்கம் அணைந்து கழுத்து கரியாகிவிடும். பெண் பறவைக்கு அந்தப் பகட்டும் இல்லை. முதுகில் பசுமையும் அடியில் வெண்மையும் கொண்ட அதனை இலைகளுக்கிடையே கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். வேனில் முடிவில் ராக்போர்ட்டுக்கு வருபவற்றில் பெரும்பகுதி பெண்களும் அவ்வாண்டு பிறந்த இளம்பறவைகளுமே. ஆண்கள் முன்னதாகவே புறப்பட்டுப் போய்விடுகின்றன.

இத்துணைச் சிறிய உடலுக்குள் நிகழும் வேலையோ பெரிது. நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகுகள் அடிக்கின்றன. பிற பறவைகள் சிறகைக் கீழே தள்ளும்போதுதான் பெரிதும் எழும்பும் விசையைப் பெறுகின்றன. ஓசனிச்சிட்டு தோள்மூட்டில் சிறகைத் திருப்பி எட்டு என்னும் எண்ணின் வடிவில் சுழற்றுவதால், சிறகு மேலேறும்போதும் விசையின் ஒரு பகுதி கிடைக்கிறது. எனவேதான் அதனால் ஓரிடத்தில் நிற்கவும் பின்னோக்கிப் பறக்கவும் முடிகிறது. பறக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 1,200 முறை வரை துடிக்கும். இவ்வளவு செலவுக்கு வரவு வேண்டாமா? விழித்திருக்கும் நேரமெல்லாம் அடிக்கடி உண்டாக வேண்டும். உணவு குறைந்த நாளிலும் குளிர்ந்த இரவிலும், அது உடல்வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு உறக்கத்தினும் ஆழ்ந்ததொரு மயக்க நிலையில் ஒடுங்கிவிடும். விடியுமுன் உடல் நடுங்கி, மெல்லச் சூடேறி, மீண்டும் பறவையாகும்.

அது தேனை எப்படிக் குடிக்கிறது என்பதும் நெடுங்காலம் தவறாகவே விளக்கப்பட்டது. நுண்குழாயில் நீர் தானே ஏறுவதுபோல நாக்கின் பள்ளங்களில் தேன் ஏறுகிறது என்ற கருத்து 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நிலவி வந்தது. 2011ஆம் ஆண்டு கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதிவேகப் படக்கருவியின் துணையோடு வேறொன்றைக் கண்டனர். பிளவுபட்ட நாக்கின் நுனி தேனுக்குள் சென்றதும் விரிகிறது. வெளியே இழுக்கும்போது சுருண்டு மூடித் தேனைச் சிறைப்பிடிக்கிறது. கொல்லைப்புறத்தில் நாள்தோறும் கண்முன் நடக்கும் ஒரு செயலின் உண்மை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எவருக்கும் புலப்படாமல் இருந்திருக்கிறது.

இனி, ஆகஸ்டின் கடைசிக்கு வருவோம். கனடாவின் தென்பகுதி வரை பரவிக் கூடு கட்டிய பறவைகள், பகற்பொழுது குறையத் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அவற்றின் குளிர்கால இருப்பிடங்கள். இடையில் வளைகுடா குறுக்கிடுகிறது. சில பறவைகள் அக்கடலை நேராகவே கடக்கின்றன. ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவு, இளைப்பாற ஒரு கிளையும் இல்லாத வழி. மற்றவை கரையோரமாக டெக்சாஸ் வழியே சுற்றிச் செல்கின்றன. எவ்வழியாயினும் புறப்படுமுன் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். 3 கிராம் எடையுள்ள பறவை ஏறத்தாழ இருமடங்கு எடையை எட்டும் வரை உண்ணும். கழுத்தும் வயிறும் ஒன்றாகி உருண்டு போன பறவையைக் கண்டால், அது நெடுவழிக்கு ஆயத்தமாகிவிட்டது என்பதை ராக்போர்ட்டின் முதியவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். இளம்பறவைகளுக்கு வழிகாட்ட எவரும் இல்லை. தாய் தன் வழியே தனித்துப் போகிறது. குஞ்சும் தனித்தே போகிறது. இதற்குமுன் ஒருமுறையும் கண்டிராத நாட்டை நோக்கி, பிறந்து சில வாரங்களே ஆன உயிர் தானாகத் திசை அறிந்து பறக்கிறது.

இந்த வருகையை முதன்முதலில் ஊன்றிக் கவனித்துப் பதிவு செய்தவர்களுள் கானி ஹேகர் என்னும் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். 1886ஆம் ஆண்டு பிறந்த அவர், 1935இல் கணவருடன் ராக்போர்ட்டில் குடியேறினார். பயணிகள் தங்கும் சிறு குடில்களை நடத்துவது அவர்களின் பிழைப்பு. அவர் பறவையியலில் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும் நாள்தோறும் அதே வழிகளில் சென்று, கண்ட பறவைகளையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வந்தார். ஒரு சிற்றூரில் இத்தனை இனங்களா என்று வல்லுநர்கள் முதலில் ஐயுற்றனர். நேரில் வந்து அவருடன் நடந்தபின் ஐயம் நீங்கினர். பின்னாளில் நாடெங்கிலுமிருந்து பறவை நோக்குவோர் அவரைத் தேடி வந்தனர். 1973இல் அவர் மறைந்தார். அவருடைய குடில்கள் இருந்த இடம் இன்று அவர் பெயரால் ஒரு சிறு பறவைப் புகலிடமாக விளங்குகிறது. செப்டம்பர் மாதத்தில் ஓசனிச்சிட்டுகளுக்காக அவ்வூரில் விழா நடைபெறுவதும் வழக்கமாயிற்று. அரிய பறவையைத் தேடிக் காட்டுக்குச் செல்வது ஒரு வகை அறிவு. தன் வேலியோரத்தில் நாளும் நடப்பதை நாளும் எழுதி வைப்பது மற்றொரு வகை. இரண்டாவதற்குக் கூடுதலான பொறுமை தேவைப்படுகிறது.

விழாவுக்கு வருவோர் பலருடைய வீட்டுக் கொல்லைகளுக்கும் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அங்கே காணும் தோட்டங்கள் கண்காட்சித் தோட்டங்களைப் போல ஒழுங்காக வெட்டப்பட்டவை அல்ல. வேலியில் எக்காளக்கொடி படர்ந்திருக்கும். நாகசுர அணசைப்போல வாய்விரிந்த அதன் செம்மஞ்சள் மலர்கள், நீண்ட அலகுக்கென்றே அமைந்தவை போலிருக்கும். மரநிழலில் டர்க்ஸ் கேப் என்னும் செடி புதராக நிற்கும். அது செம்பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதழ்கள் முழுதும் விரியாமல் சுருண்டே நிற்பதால் தலைப்பாகை என்று பெயர் பெற்றது. இதன் நெருங்கிய உறவான மொட்டுச் செம்பருத்தியைத் தமிழ்நாட்டு வேலிகளிலும் காணலாம். தேன்சிட்டுகள் அதனை நன்கறியும். வெயிலில் மற்றவை வாடும்போதும் டர்க்ஸ் கேப் பூப்பதை நிறுத்துவதில்லை. அதனால்தான் அவ்வூரார் அதனைப் பெரிதும் போற்றுகிறார்கள். செந்நிறச் சால்வியாவும் உண்டு. இவையெல்லாம் அந்நாட்டு மண்ணுக்கே உரிய செடிகள். பெரும்பாலும் சிவப்பு நிறமும் குழல் வடிவமும் உடையவை. மணம் மிகக் குறைவு. தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு நன்கு புலப்படாது, பறவைக்குப் புலப்படும். யாருக்கு யார் என்பதை மலர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டன.

இத்தோட்டங்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. சிலந்தி வலையைக் கலைப்பதில்லை, பூச்சிக்கொல்லியைத் தெளிப்பதில்லை. ஓசனிச்சிட்டு தேனை மட்டுமே உண்டு வாழ்கிறது என்பது பரவலான எண்ணம். தேன் பறப்பதற்கான எரிபொருள். உடல் வளர்வதற்குச் சிறு கொசுக்களும் ஈக்களும் சிலந்திகளும் வேண்டும். கூடு கட்டவும் சிலந்தி இழையே பயன்படுகிறது. பெண் பறவை தனியாகவே, பஞ்சு போன்ற செடித்துய்யை இழையால் பிணைத்து, வெளிப்புறத்தில் கற்பாசி ஒட்டி, வாதுமைக்கொட்டை அளவில் ஒரு கிண்ணத்தைச் செய்கிறது. குஞ்சுகள் இரண்டும் வளர வளர, சிலந்தி இழை நெகிழ்ந்து கொடுப்பதால் கூடும் விரிந்து கொடுக்கும். ஒட்டடை அடிக்கும் கோலோடு தோட்டத்துக்குள் நுழைபவர் அந்தக் கூட்டின் கட்டுமானப் பொருளைத்தான் அழிக்கிறார்.

பூக்கள் குறையும் நாள்களுக்காகச் சர்க்கரை நீர் நிரப்பிய குப்பிகளைக் கூரையோரத்தில் தொங்கவிடுகிறார்கள். அதன் செய்முறை எளிது: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு நீர். இவ்விகிதம் மலர்த்தேனின் இனிப்புக்கு நெருங்கியது. எளிய இச்செய்முறையிலும் அன்பின் மிகுதியால் தவறு செய்வோர் உண்டு. தேன்தானே இயற்கை என்று தேனீயின் தேனைக் கரைத்து வைத்தால், அது விரைவில் நொதித்துப் பூஞ்சை வளர இடம் தரும். நீரைச் சிவப்பாக்கச் சாயம் கலப்பதும் தேவையற்றது. குப்பியின் விளிம்பு சிவப்பாக இருந்தாலே பறவை அறிந்துகொள்ளும். எல்லாவற்றினும் பெரிய தவறு, நிரப்பிவிட்டு மறந்துவிடுவது. ஆகஸ்டு வெயிலில் சர்க்கரை நீர் ஓரிரு நாளிலேயே கலங்கிப் புளித்துவிடும். குப்பியைக் கழுவி மீண்டும் நிரப்பும் வேலை நாள்தோறும் செய்ய வேண்டியது. குப்பி தொங்குவது கண்ணுக்கு அழகு. கழுவுவது யார் கண்ணிலும் படாது. விருந்தோம்பல் எது என்பதில் தமிழருக்கு ஐயம் இருக்காது.

விருந்தினரும் சாதுவானவர்கள் அல்லர். ஒரு குப்பியில் எட்டுத் துளைகள் இருந்தாலும் ஒரே பறவை அதனைத் தன் உடைமையாக்கிக்கொண்டு, வரும் ஒவ்வொன்றையும் துரத்தும். மார்போடு மார்பு மோதுவதும் கீச்சிட்டுச் சாடுவதும் காலை முதல் மாலை வரை நடக்கும். துரத்துவதற்குச் செலவிடும் ஆற்றலை உண்பதில் செலவிட்டால் ஆகாதா என்று பார்ப்பவருக்குத் தோன்றும். காட்டில் அந்தக் குணத்துக்குப் பொருள் உண்டு. ஒரு பூக்கொத்தின் தேன் எல்லாருக்கும் போதாது. அள்ள அள்ளக் குறையாத குப்பியை அதன் முன்னோர் கண்டதில்லை. அனுபவம் மிக்கவர்கள் ஒரு பெரிய குப்பிக்குப் பதிலாக, ஒன்றிலிருந்து ஒன்று தெரியாதவாறு பல சிறு குப்பிகளை வீட்டைச் சுற்றித் தொங்கவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரு பறவையால் காவல் காக்க இயலாது.

வேனில் முடிவின் வானிலையோ நிலையற்றது. கடும் வெயிலில் நடுப்பகல் முழுதும் பறவைகள் நிழலில் ஒடுங்கியிருக்கும். மாலையில்தான் தோட்டம் மீண்டும் உயிர் பெறும். திடீரென மழை பொழியும். 3 கிராம் உடலை ஒரு பெருந்துளியே வீழ்த்திவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. நனைந்த நாய் உடலை உதறுவதுபோல, ஓசனிச்சிட்டு பறந்துகொண்டே தலையை உதறி நீரைத் தெறிக்கவிடுகிறது. மழைக்கிடையேயும் குப்பிக்கு வந்து குடித்துச் செல்லும்.

புயல் வேறு. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் இரவில், ஹார்வி என்னும் சூறாவளி ராக்போர்ட்டுக்கு அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 210 கிலோமீட்டர். 1961இல் வந்த கார்லாவுக்குப் பின் டெக்சாஸைத் தாக்கிய மிக வலிமையான புயல் அது. கூரைகள் பிய்ந்தன, படகுகள் உடைந்தன, வீடுகள் பல இருந்த இடமே தெரியாமல் சிதைந்தன. நின்ற மரங்களிலும் இலை இல்லை. எக்காளக்கொடி படர்ந்த வேலிகளும் தப்பவில்லை. பூவென்று சொல்ல ஊரில் ஏதும் மிஞ்சாத அந்த வாரங்களில்தான், வடக்கேயிருந்து பறவைகள் வழக்கம்போல் வந்து சேர வேண்டிய காலமும் அமைந்தது. ராக்போர்ட் உருக்குலைந்த செய்தி அவற்றுக்குத் தெரியாது. கொழுப்பு ஏறாத பறவை கடலை நோக்கிச் சென்றால் கரை சேராது; வேரில் உயிர் இருந்த செடிகள் துளிர்த்துப் பூக்கவோ வாரங்கள் ஆகும். இயன்றவர்கள் குப்பிகளைத் தொங்கவிடுங்கள் என்று பறவை ஆர்வலர்கள் வேண்டினர். தம் வீட்டுக் கூரையே இல்லாதவர்கள், முறிந்த கிளையிலும் சாய்ந்த தூணிலும் குப்பிகளைக் கட்டினார்கள்.

இதைக் கேட்கும் எவருக்கும் ஒரு வினா எழலாம். மனிதர் குப்பி செய்வதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பறவைகள் இவ்வழியில் வந்து போயினவே, புயல்களும் அன்றே இருந்தனவே, மனிதர் தயவு எதற்கு? வினா நியாயமானது. அன்று ஒரு கரையோரம் பாழானால் அடுத்த கரையோரம் காடாகவும் புதராகவும் இருந்தது. இன்று அவ்விடங்களில் சாலைகளும் குடியிருப்புகளும் வெட்டிய புல்தரைகளும் உள்ளன. வழியில் இருந்த சத்திரங்களை இடித்தவர்களின் வாசலில்தான் பயணி வந்து நிற்கிறார். ஒரு குப்பியால் அந்தக் கணக்கு நேராகிவிடாது. குப்பியைவிட ஒரு டர்க்ஸ் கேப் புதர் மேலானது. அதில் தேனோடு சிறு பூச்சிகளும் கிடைக்கும், மறைவும் கிடைக்கும், கழுவும் வேலையும் இல்லை. புயலுக்குப் பின் அவ்வூரில் மீண்டும் தோட்டம் போட்டவர்கள் இதை அறிந்தே இருந்தனர்.

செப்டம்பர் நடுவில் வடக்கிலிருந்து முதல் குளிர்காற்று இறங்கும். அதுவரை எதிர்த்த காற்று, முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் திசை மாறும். முந்தைய நாள் மாலை வரை நூற்றுக்கணக்கில் மொய்த்த பறவைகள் மறுநாள் காலையில் பாதியாகக் குறைந்திருக்கும். விடைபெறும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. குப்பிகளை எடுத்துவிடாவிட்டால் பறவைகள் சோம்பி இங்கேயே தங்கிவிடும் என்று அஞ்சுவோர் இன்னும் உளர். அவற்றைச் செலுத்துவது குறைந்துவரும் பகற்பொழுது. குப்பிக்கு அந்த வலிமை கிடையாது. கடைசிப் பறவை என்று நினைத்த பின்னும் இரண்டு வாரம் குப்பிகளை விட்டுவைப்பதே அவ்வூரார் வழக்கம். பின்தங்கியதோ நலிந்ததோ ஒன்று வரக்கூடும்.

அக்டோபர் முடிந்தும் சிலர் ஒரு குப்பியை மட்டும் எடுப்பதில்லை. அலாஸ்கா வரை பரவி வாழும் செம்பழுப்பு ஓசனிச்சிட்டுகளில் சில, குளிர்காலத்தைக் கழிக்க வளைகுடாக் கரைக்கு வருவதுண்டு. நவம்பர் மாதத்துக் காலையில், வெறும் கொடியோடு நிற்கும் வேலியருகே, புதிய ரீங்காரம் ஒன்று கேட்கும்.